கையெழுத்துக்கு முன் முழங்கை

கேள்வி: நாங்கள் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே வசிக்கிறோம். மகனுக்கு 16 வயது. பதினோராம் வகுப்பு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. பேஸ்பாலில் வலதுகைப் பிட்சர், அதாவது பந்து எறிபவன். உயரம் ஆறடி ஓரங்குலம். கோடையில், திறமை தேடி வரும் ஸ்கவுட்டுகள் முன் ஆடிக்காட்டும் ஷோகேஸ் ஒன்றில் மணிக்கு 88 மைல் வேகம் தொட்டான். ‘92 வந்துவிட்டால், தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்டில் இடம் நிச்சயம்’ என்கிறார், பள்ளிக்கு வெளியே அவன் ஆடும் டிராவல் அணியின் பயிற்சியாளர். இந்த இலையுதிர் காலத்தில் ஐந்து ஷோகேஸ், குளிர்காலத்தில் வேகம் கூட்டும் பயிற்சி என்று திட்டம் போட்டிருக்கிறோம். ஒருவர் ஆலோசகராக இருப்பதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். படிப்பு கெட்டுவிடும் என்பது என் மனைவியின் கவலை. நான் கல்லூரி நாட்களில் கிரிக்கெட் ஆடியவன். இந்த ஆட்டத்தின் சூட்சுமம் முழுதாகப் பிடிபடவில்லை. ஸ்கவுட்டுகள் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்? பள்ளி முடித்ததும் நேராகத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போவதா, கல்லூரியா? நாங்கள் எச்-1பி விசாவில் இருப்பது தடையாகுமா? பின்குறிப்பு: பந்து எறிந்த மறுநாள் முழங்கையின் உட்பக்கம் வலிக்கிறது என்கிறான். இரண்டு நாளில் சரியாகிவிடுகிறது.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைப் பின்குறிப்பிலிருந்துதான் படிக்க வேண்டியிருக்கிறது. வேகம், ஷோகேஸ், செலவு, விசா என்று எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு, வலியை இரண்டு சிறு வரிகளில் ஓரமாக வைத்திருக்கிறீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, போகிற போக்கில் கடைசியில் எட்டிப் பார்க்கும்.

எறிகிற கையில் முழங்கையின் உட்பக்கம் வலித்தால் அதைத் தசைப்பிடிப்பு என்று ஒதுக்கக் கூடாது. 16 வயதில் அந்த இடத்தில் எலும்பின் வளர்ச்சித் தட்டு முழுதாக இணையாமல் இருக்கலாம். அதை ஒட்டித்தான் மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிடித்து நிறுத்தும் தசைநார் இருக்கிறது. ஒவ்வொரு வேகப்பந்திலும் கை பின்னால் வளைந்து முன்னால் பாயும் அந்தக் கணத்தில் பெரும் இழுவை அதன்மேல்தான் விழுகிறது. 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர் டாமி ஜானுக்கு வேறு இடத்திலிருந்து தசைநாணை எடுத்துப் பொருத்திச் சரிசெய்தது இந்தத் தசைநாரைத்தான். அந்த அறுவைக்கு அன்றிலிருந்து டாமி ஜான் பெயரே நின்றுவிட்டது. அவர் 1976இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். அந்தக் கதையின் இனிப்பான பாதியை மட்டும் கேட்ட பெற்றோர் சிலர், ‘அறுவை செய்துகொண்டால் கை இன்னும் வேகமாகும் என்கிறார்களே, முன்கூட்டியே செய்துவிடலாமா’ என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். அது கிழிந்ததைத் தைக்கும் வேலை. திரும்பி வர ஓராண்டுக்கு மேல் ஆகும். எல்லோரும் பழையபடி திரும்புவதும் இல்லை.

நான் மருத்துவன் இல்லை. ஆகவே சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: அடுத்த பந்தை எறிவதற்கு முன், எறிகிற விளையாட்டு வீரர்களின் கையைப் பார்த்துப் பழகிய எலும்பு மருத்துவர் ஒருவரிடம் தம்பியைக் காட்டுங்கள். அதுவரை வலி மாத்திரை கொடுத்து ஆட அனுப்பாதீர்கள். பாட்டி ஊரிலிருந்து அனுப்பிய தைலத்தைத் தேய்ப்பதில் பாவமில்லை; தேய்த்துவிட்டு மைதானத்துக்கு அனுப்புவதுதான் தவறு. அலபாமாவின் பர்மிங்ஹாமில் உள்ள விளையாட்டு மருத்துவ ஆய்வு மையத்தில், அறுவைக்கு வந்த இளம் பிட்சர்களையும் காயமே படாதவர்களையும் ஒப்பிட்டு 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கை சோர்ந்த பிறகும் வழக்கமாக எறிந்துகொண்டிருந்தவர்கள் அறுவைக்கு வரும் வாய்ப்பு 36 மடங்கு என்று அதில் வந்தது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் அந்த எண்ணைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். அதற்கான தண்டனையைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. ஸ்கவுட் வேலை கிடைத்துவிட்டது என்று ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோது என் அம்மா சாரணர் இயக்கம் என்று நினைத்துக்கொண்டு, ‘இந்த வயதில் கழுத்துத் துண்டும் அரைக்கால் சட்டையுமா’ என்று கேட்டார். பதினோரு ஆண்டுகள் தென்கிழக்கு மாநிலங்களின் பள்ளி மைதானங்களில், வலைக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு, தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கின் ஓர் அணிக்காக உட்கார்ந்திருந்தேன். கையில் ரேடார் கருவி, நிறுத்துகடிகாரம், ஒரு குறிப்பேடு. அங்கே நாங்கள் கொடுத்த மதிப்பெண் 20இல் தொடங்கி 80இல் முடியும். மேஜர் லீக்கின் சராசரி ஆட்டக்காரர் 50. பள்ளிப் பையனுக்கும் அதே அளவுகோல்தான். வயதுக்குச் சலுகை கிடையாது.

அந்த அளவுகோலில் உங்கள் மகனின் 88 எங்கே விழும்? கிலோமீட்டரில் அது ஏறக்குறைய 142. கிரிக்கெட் கணக்கில் நீங்கள் மலைத்துப் போயிருப்பீர்கள். ஊரில் மாமாக்களிடம் சொன்னால் வாய் பிளப்பார்கள். ஆனால் மேஜர் லீக்கில் வேகப்பந்தின் சராசரியே இப்போது 94 மைலை ஒட்டி இருக்கிறது. அணிக்கு அணி கணக்குச் சற்று மாறினாலும், 88க்கு 30 அல்லது 35தான் விழும். மனம் தளர வேண்டாம். எங்கள் அறிக்கைத் தாளில் ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு கட்டங்கள் உண்டு: ஒன்று இன்றைக்கு, மற்றது நாளைக்கு. இன்றைய கட்டத்தை நிரப்ப ரேடார் கருவி போதும். என் மகளே உட்கார்ந்து நிரப்பிவிடுவாள். எங்களுக்குச் சம்பளம் கொடுத்தது இரண்டாவது கட்டத்துக்கு. இந்தப் பையன் 24, 25 வயதில் என்னவாக இருப்பான்? அணி பணம் போடுவது அந்த இளைஞன் மேல்தான். நேற்று 88 தொட்டவன், அந்த இளைஞன் வந்து சேரும்வரை கையைக் கெடுத்துக்கொள்ளாமல் காத்திருக்கும் பொறுப்பில் இருக்கிறான், அவ்வளவுதான்.

நாளைய கட்டத்தை எப்படி நிரப்புகிறோம்? முதலில் உடம்பு. தோள் அகலமா, மணிக்கட்டு தடித்ததா, கால் நீளமா, அந்தச் சட்டகத்தில் இன்னும் எத்தனை கிலோ தசை ஏற இடம் இருக்கிறது என்று பார்ப்போம். முகத்தில் மீசை அரும்பி, உடம்பு முழுக்க முற்றிவிட்ட 16 வயதுப் பையன் 90 எறிவதைவிட, குடைக்கம்பி போல இருக்கும் ஒருவன் சிரமமே இல்லாமல் 87 எறிவது எங்கள் குறிப்பேட்டில் அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் ஸ்கவுட் முதலில் அப்பாவின் உயரத்தைப் பார்க்கிறார், பிறகு அம்மாவின் உயரத்தை, மாமாக்களின் உயரத்தைக்கூடக் கேட்கிறார். பள்ளியின் இறுதி ஆண்டுக் குளிர்காலத்தில் வீட்டுக்கே வருவார்கள். நம் வீடுகளில் பெண் பார்க்க வருவதுபோலத்தான். காபி குடிப்பார், படிப்பைப் பற்றி விசாரிப்பார், சுவரில் இருக்கும் படத்தைப் பாராட்டுவார். கண் மட்டும் பையன் தண்ணீர்க் குவளையை அம்மாவிடமிருந்து எப்படி வாங்குகிறான் என்பதில் இருக்கும். தாயிடம் எரிந்து விழுகிற பையன்களை நான் இரண்டு முறை அறிக்கையிலேயே குறித்திருக்கிறேன். எங்கள் மொழியில் அதற்குக் குணநலன் என்று பொருள்படும் ஒரு தனிக் கட்டமே உண்டு.

அடுத்தது எறியும் அமைப்பு. ஒரே அசைவை நூறு முறை திரும்பச் செய்ய முடிகிறதா? வேகப்பந்தான ஃபாஸ்ட்பாலுக்குக் கை ஒரு மாதிரியும், பேட்டரை ஏமாற்ற மெதுவாக எறியும் சேஞ்சப்புக்கு வேறு மாதிரியும் போகிறதா? பந்து சுழலும் வேகத்தையும் வளைவையும் இப்போது கருவிகளே சொல்லிவிடுகின்றன. அதில் ஸ்கவுட்டுக்கு மிச்சம் குறைவு. கருவி சொல்லாததும் உண்டு. தன் பக்கத்து ஆட்டக்காரன் எளிய பந்தைக் கோட்டைவிட்ட பிறகு இவன் அடுத்த பந்தை எப்படி எறிகிறான், ஒரே பேட்டர் மூன்றாம் முறை எதிரே வரும்போது புதிதாக ஏதாவது யோசிக்கிறானா, ஐந்தாம் இன்னிங்ஸில் வேகம் எத்தனை மைல் இறங்குகிறது. முதல் இன்னிங்ஸில் 92 தொட்டு நான்காவதில் 85க்குச் சரிகிறவனையும், தொடக்கத்திலிருந்து 88இல் நிற்கிறவனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நான் இரண்டாமவனுக்குத்தான் காரை எடுத்துக்கொண்டு இன்னொரு முறை வருவேன்.

இந்த இடத்தில்தான் உங்கள் பயிற்சியாளரின் ‘92 வந்தால் நிச்சயம்’ என்பது உடைகிறது. அமெரிக்காவில் பள்ளிகளில் பேஸ்பால் ஆடும் பையன்கள் நான்கரை இலட்சத்துக்கும் மேல். டிராஃப்ட் இப்போது 20 சுற்று; 2019 வரை 40 ஆக இருந்தது, கொரோனா ஆண்டில் ஐந்தாகச் சுருங்கி, 2021இல் 20இல் வந்து நின்றது. 30 அணிகளும் சேர்ந்து ஆண்டுக்கு எடுப்பது 600க்குச் சற்று மேல், அதிலும் பெரும்பங்கு கல்லூரிக்காரர்கள். 92 எறியும் பள்ளி வலதுகையர்கள் உங்கள் ஜார்ஜியாவிலேயே பலர். அவர்களில் பெரும்பாலோர் யாராலும் எடுக்கப்படாமல் கல்லூரிக்குப் போகிறார்கள், அதில் அவமானம் எதுவும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1965இல் டிராஃப்ட் தொடங்கியது முதல் இன்றுவரை, பள்ளியிலிருந்து நேராக வந்த ஒரு வலதுகைப் பிட்சர்கூட முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை. இடதுகையர் மூவர் இருக்கிறார்கள். டேவிட் கிளைடை 1973இல் பள்ளி முடித்த சில வாரங்களிலேயே மேஜர் லீக்கில் இறக்கினார்கள். கூட்டம் அலைமோதியது, தோள் கெட்டது, 26 வயதுக்குள் ஆட்டம் முடிந்தது. 1991இல் தேர்வான பிரையன் டெய்லர் பின்னர் ஒரு கைகலப்பில் தோளை உடைத்துக்கொண்டு மேஜர் லீக்கை எட்டவே இல்லை. 2014இல் பிரேடி ஐக்கனைத் தேர்ந்தெடுத்த அணி, மருத்துவப் பரிசோதனையில் முழங்கையைப் பார்த்துவிட்டுப் பேசிய தொகையைக் குறைக்கப் பார்த்தது. உடன்பாடு முறிந்தது, அடுத்த ஆண்டு டாமி ஜான் அறுவை, அவரும் மேஜர் லீக்கைப் பார்க்கவில்லை. அணிகளுக்கு இந்த வரலாறு மனப்பாடம். 18 வயதுக் கை எவ்வளவு நொய்ந்த சரக்கு என்று அவர்கள் அறிந்தே விலை பேசுகிறார்கள். உங்கள் வீட்டில் மட்டும் அதை அறியாமல் விற்கக் கூடாது.

இடையில், கிரிக்கெட்காரராகிய உங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இதை ஐ.பி.எல். ஏலம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே கையைத் தூக்கி விலையை ஏற்ற யாரும் இல்லை. அணிகள் வரிசையில் நின்று ஆளை எடுக்கும். முந்தைய ஆண்டு தோற்றவர்களுக்கு முன்னுரிமை, முதல் ஆறு இடங்களுக்கு மட்டும் 2023 முதல் குலுக்கல். ஒருவர் எடுத்துவிட்டால் அந்த அணியோடு மட்டும்தான் பேச முடியும். முதல் பத்துச் சுற்றில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மதிப்பு ஒதுக்கப்பட்டிருக்கும். அவற்றின் கூட்டுத்தொகைதான் அணியின் பை. பையை மீறினால் வரி, ஐந்து விழுக்காட்டுக்கு மேல் மீறினால் வருங்கால முதல் சுற்று வாய்ப்பே பறிபோகும். அதனால் ஸ்கவுட் வீட்டுக்கு வந்து கடைசியில் கேட்கும் ஒரே கேள்வி, ‘எவ்வளவு கொடுத்தால் கல்லூரியை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவான்?’ என்பதுதான். அதற்கு மழுப்பாமல் ஓர் எண் சொல்லத் தெரிந்த குடும்பத்தை நாங்கள் மதித்தோம். ‘பார்க்கலாம் சார், கடவுள் விட்ட வழி’ என்ற குடும்பங்களின் பெயருக்கு நேரே கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போனோம்.

அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? எதிர்ப்பக்கத்திலிருந்து கணக்குப் போடுங்கள். பத்தாம் சுற்றின் கடைசியில் ஒதுக்கீடு இரண்டு இலட்சம் டாலருக்கும் கீழே. அதில் வரியும் முகவர் பங்கும் போக மிஞ்சுவதைப் பாருங்கள். பிறகு, மேஜர் லீக்குக்குக் கீழே படிப்படியாக இருக்கும் மைனர் லீக். 2023இல் முதல்முறையாகத் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்து ஊதியம் இரட்டிப்பையும் தாண்டியது. அப்படி ஏறிய பிறகும் அன்று அடிமட்டத்தில் ஆண்டுக்கு 19,800 டாலர், உச்சியான டிரிபிள்-ஏயில் 35,800. தங்குமிடம் அணி கொடுக்கும். மேஜர் லீக்கை எட்ட நான்கைந்து ஆண்டு ஆவது சாதாரணம். எட்டாமலே வீடு திரும்புகிறவர்கள்தான் பெரும்பான்மை. பள்ளியிலிருந்து நேராகப் போகிறவனின் ஒப்பந்தத்தில், பின்னாளில் கல்லூரிக்குப் போனால் படிப்புச் செலவை ஏற்கும் பிரிவு ஒன்றைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஆட்டத்தை விட்ட இரண்டாண்டுக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் உண்டு. அதைப் படிக்காமல் கோட்டைவிட்டவர்களை அறிவேன்.

என் கருத்தைக் கேட்டால், இன்றைய நிலையில் உங்கள் மகன் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். 16 வயதில் 88 எறியும் பையனை யாரும் 12ஆம் வகுப்பு முடிவில் பெரும்பணம் கொடுத்து எடுக்கப்போவதில்லை என்பது ஒரு காரணம். கல்லூரி அவனுக்கு மூன்றாண்டு வளர்ச்சியை இலவசமாகக் கொடுக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். பால் ஸ்கீன்ஸைப் பாருங்கள். பள்ளி முடிந்தபோது எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. விமானப் படை அகாடமிக்குப் போய் கேட்சராகவும் (நம் விக்கெட் கீப்பர் போல) பிட்சராகவும் ஆடினார், பிறகு லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார், 2023இல் முதல் ஆளாகப் பிட்ஸ்பர்க் அணி எடுத்து 92 இலட்சம் டாலர் கொடுத்தது. ஜேக்கப் டிகிராம் கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப், அதாவது களத்தடுப்பாளர். கடைசி ஆண்டில்தான் பந்து எறியவே தொடங்கினார். 2010இல் ஒன்பதாம் சுற்றில் 272ஆவது ஆளாக வந்தார். கையில் அதிகம் தேய்மானம் இல்லாமல் வந்தவர் என்றுதான் பலர் நினைத்தோம். அவருக்கே அந்த ஆண்டு முழங்கை அறுவை நடந்தது. அதையும் தாண்டி 2018, 2019 இரண்டிலும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார்.

நம் வீடுகளில் அதிகம் பேசப்படும் பெயர் குமார் ராக்கர். அப்பா அமெரிக்கக் கால்பந்து வீரர், அம்மா இந்திய வம்சாவளி. உங்கள் ஜார்ஜியாவில் வளர்ந்தவர். பள்ளி முடியும்போதே நாடறிந்த கை. ஆனாலும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போவதில் குடும்பம் உறுதியாக இருந்ததால் 2018இல் அவரை 38ஆம் சுற்றில்தான் எடுத்தார்கள், அவரும் கையெழுத்திடவில்லை. மறு ஆண்டே டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிரே, ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல், பேட்டர் மூன்று முறை தவறவிட்டு வெளியேறும் ஸ்டிரைக்அவுட் 19 எடுத்தார். 2021இல் நியூயார்க் மெட்ஸ் பத்தாவதாக எடுத்தது. மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு கையெழுத்தே நடக்கவில்லை. அடுத்த ஆண்டு ஒரு சிறு தனி லீக்கில் எறிந்து, 2022இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவதாக எடுத்து 52 இலட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. 2023இல் டாமி ஜான் அறுவை. 2024 செப்டம்பரில் மேஜர் லீக் மைதானத்தில் கால் வைத்தார். பெயர் பழக்கமானது என்பதால் நம் பெற்றோர் இந்தக் கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்கிறார்கள். நான் இதில் பார்ப்பது வேறு. எல்லாப் பரிசும் கையில் இருந்த ஒருவருக்குக்கூட, கடைசியில் மேசையில் வைக்கப்பட்டது ஒரு ஸ்கேன் படம்தான்.

கல்லூரிக்குப் போனால் மூன்றாம் ஆண்டு முடியும்வரை, அல்லது 21 வயது வரை, மீண்டும் டிராஃப்டில் வர முடியாது. இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிக்கு அந்தப் பூட்டு இல்லை. ஒவ்வோர் ஆண்டும் தகுதி உண்டு. பிரைஸ் ஹார்ப்பர் 2010இல் முதல் ஆளாக வந்தது அப்படி ஒரு கல்லூரியிலிருந்துதான். ‘ஜூனியர் கல்லூரியா’ என்று உங்கள் துணைவியார் முகம் சுளிக்கலாம், ஆனால் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டாம். ஒரு காரணம் சொல்கிறேன். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் முன்பு ஓர் அணி முழுதுக்கும் சேர்த்து 11.7 முழு உதவித்தொகை என்று கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். 2025இல் பெரிய கல்லூரிகளில் அந்த வரம்பு போய், ஓர் அணிக்கு 34 பேர் என்ற வரம்பு வந்தது. பணம் கூடியது, நாற்காலி குறைந்தது. பயிற்சியாளர்கள் 18 வயதுப் பையனை வளர்ப்பதைவிட, வேறு கல்லூரியிலிருந்து 22 வயதுக்காரரை மாற்றி எடுப்பதை விரும்புகிறார்கள். முதலாண்டில் பெஞ்சில் உட்காருவதைவிட, எங்கோ ஓரிடத்தில் எறிந்து வளர்வது மேல்.

துணைவியாரின் கவலைக்கு நான் கட்சி. மதிப்பெண்ணை ஆட்டத்தின் எதிரி என்று நினைக்கும் தந்தையர் பலரைப் பார்த்திருக்கிறேன். கல்லூரிப் பயிற்சியாளர் தொலைபேசியை எடுத்ததும் கேட்கும் இரண்டாம் கேள்வி மதிப்பெண்தான். பதினோராம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 முதல் அவர்கள் நேரடியாகத் தொடர்புகொள்ளலாம். அந்தக் கதவு உங்களுக்கு இப்போது திறந்துவிட்டது. ஐந்து ஷோகேஸுக்குச் செலவிடும் பணத்தில் பாதிக்கும் குறைவாகச் செலவழித்து, அவன் போக விரும்பும் நான்கு கல்லூரிகளுக்குத் தெளிவான காணொளியும் மதிப்பெண் பட்டியலும் அவனே எழுதிய கடிதமும் அனுப்பச் சொல்லுங்கள். அவனே என்பதை அழுத்திச் சொல்கிறேன். அப்பா எழுதிய கடிதம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

இப்போது நான் சொல்வதாகச் சொன்ன தண்டனை. என் நான்காம் ஆண்டில், ஒரு சிறு ஊர் மைதானத்தில், ஒரு வலதுகைப் பையன் 94 தொட்டான். அக்டோபர் மாதம், பிப்ரவரியிலிருந்து ஓய்வே இல்லாமல் இரண்டு அணிக்கு எறிந்தவன். இன்னிங்ஸுக்கு இடையில் அவன் கையை உதறிக்கொண்டதை என் கண் பார்த்தது. என் குறிப்பேட்டில் அது ஏறவில்லை, 94 ஏறியது. அறிக்கையில் மேல் சுற்றுகளுக்கு உரியவன் என்று எழுதினேன். மேலதிகாரிகள் அவனைப் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் அவன் வீட்டார் இன்னும் மூன்று போட்டிகளில் எறிய வைத்தார்கள். மார்ச்சில் அறுவை. இன்று அவன் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவான். அதைத் திறக்க எனக்கு ஒரு நாள் ஆகும்.

ஆகவே உங்கள் திட்டத்தில் நான் கை வைக்கிறேன். அக்டோபரில் எதுவும் வேண்டாம். மேஜர் லீக்கும் யு.எஸ்.ஏ. பேஸ்பால் என்ற தேசிய அமைப்பும் 2014இல் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். 15, 16 வயதில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 95 பந்து; 76ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. பன்னிரண்டு மாதத்துக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் கூடாது. ஆண்டில் நான்கு மாதம் போட்டிகளில் எறியக் கூடாது, அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாகப் பந்தே எறியக் கூடாது. பள்ளிக்கு எறிவது ஒரு கணக்கு, டிராவல் அணிக்கு எறிவது இன்னொரு கணக்கு என்று வைத்துக்கொள்கிறார்கள். கைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எறிந்த நாளில் கேட்சராகவும் உட்கார வைக்கும் பயிற்சியாளர் என்றால் நேரே போய்ப் பேசுங்கள்.

குளிர்கால வேகப் பயிற்சியை முழுதாக மறுக்கவில்லை. கால், இடுப்பு, முதுகு வலுவாக்கும் பயிற்சி செய்யட்டும், எடை கூடட்டும். கனமான பந்துகளை ஓடிவந்து முழு விசையோடு எறியும் பயிற்சி மட்டும், மருத்துவர் சரி என்னும்வரை வேண்டாம். மேஜர் லீக் 2024 டிசம்பரில் வெளியிட்ட காய அறிக்கையே, வேகத்தைத் துரத்துவதும் ஒவ்வொரு பந்தையும் முழு விசையில் எறிவதும்தான் முதன்மைக் காரணங்கள் என்று கை காட்டியது. அந்தப் பசியை வளர்த்ததில் எங்கள் ரேடார் கருவிகளுக்கும் பங்கு உண்டு, மறைப்பதற்கில்லை.

தொழில்முறை ஸ்கவுட்டுகள் உண்மையில் கூர்ந்து பார்க்கும் காலம் 11ஆம் வகுப்பு முடிந்த கோடை. ஏரியா கோட் கேம்ஸ், ஈஸ்ட் கோஸ்ட் புரோ போன்ற அழைப்புப் போட்டிகளுக்கு அவனிடம் சரக்கு இருந்தால் அவர்களே அழைப்பார்கள். பணம் கட்டி நுழையும் ஷோகேஸ் ஒன்றிரண்டு தப்பில்லை. ஐந்து என்பது வியாபாரம்.

முன்பணம் கேட்கும் ஆலோசகரிடம் இன்றே நன்றி சொல்லி விலகுங்கள். வீரர் சங்கத்தில் பதிவுபெற்ற முகவர்கள் ஒப்பந்தம் கையெழுத்தானால்தான் பங்கு எடுப்பார்கள். 16 வயதுப் பையனின் தந்தையிடம் பணம் கேட்பவரிடம் விற்க வேறு சரக்கு இல்லை என்று பொருள். கல்லூரித் தகுதியைப் பாதிக்கும் விதிகளும் இதில் உண்டு. யாரோடு எதில் கையெழுத்திடுவதானாலும் கல்லூரியின் விதிமுறை அலுவலகத்திடம் முதலில் கேளுங்கள்.

விசா. டிராஃப்டுக்குக் குடியுரிமை தேவையில்லை. அமெரிக்கப் பள்ளியில் படித்தாலே அவன் உள்ளூர்க்காரன் என்ற கணக்கில்தான் வருவான். சிக்கல் கையெழுத்துக்குப் பிறகு. உங்களைச் சார்ந்தவனாக அவன் இருக்கும் எச்-4 விசாவில் ஊதியம் வாங்க முடியாது. அணி அவனுக்கு விளையாட்டு வீரர்களுக்கான பி-1 (P-1) விசா எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். 2006இல் வந்த சட்டத்துக்குப் பிறகு மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்கும் அந்த வழி திறந்திருக்கிறது, டொமினிகன் பையன்கள் வருவது அப்படித்தான். கல்லூரியில் பெயர், படம் பயன்படுத்துவதற்காகக் கொடுக்கும் பணத்தையும் விசா நிலை அறியாமல் வாங்கக் கூடாது. எல்லாவற்றையும்விட, 21 வயதானால் எச்-4 முடிந்துவிடும். உங்கள் கிரீன் கார்டு வரிசை அதற்குள் நகராவிட்டால், அவன் கல்லூரியின் மூன்றாம் ஆண்டில், சரியாக டிராஃப்ட் வரும் கோடையில், அந்தச் சிக்கல் வந்து நிற்கும். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் இப்போதே பேசுங்கள். பேஸ்பால் ஆலோசகருக்கு ஒதுக்கிவைத்த பணத்தை இங்கே செலவிடலாம்.

மருத்துவர் பார்த்த பிறகு எனக்கு எழுதுங்கள். அடுத்த கடிதத்தில் எத்தனை மைல் என்று எழுத வேண்டாம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு எத்தனை அங்குலம் வளர்ந்தான், உங்கள் இருவரின் உயரம் என்ன, அவனுடைய காலணி அளவு இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிறதா, இதை மட்டும் எழுதுங்கள்.